ஊர் மறுக்கும் வீடு: கட்டுப்படியாகும் குடியிருப்புக்கு அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் தந்த விடைகள்

அமெரிக்காவில் ஒரு குடும்பம் தன் வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குச் செலவிட்டால், அந்த வீடு அதற்குக் கட்டுப்படியாகவில்லை என்று அரசுக் கணக்குகள் கொள்கின்றன. 1969-இல் அரசுக் குடியிருப்புகளின் வாடகைக்கு 25 விழுக்காடு என்று வைத்த உச்சவரம்பு 1981-இல் 30 ஆனது. நாளடைவில் அதுவே எல்லா வீடுகளுக்குமான அளவுகோலாகிவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வு மையம் கணக்கிட்டபடி, 2023-இல் இந்த வரம்பைத் தாண்டிச் செலவிட்ட வாடகைக் குடும்பங்கள் சுமார் 2 கோடியே 26 லட்சம். வாடகைக்கு இருப்போரில் இது ஏறக்குறைய பாதி. கூட்டரசின் வாடகை உதவியோ, தகுதியுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது. வீடு கட்ட அனுமதி தரும் அதிகாரம் நகராட்சிகளிடம் இருக்கிறது. அந்த நகராட்சிகளில் பல, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான கட்டடம் தங்கள் எல்லைக்குள் வருவதை விரும்புவதில்லை. கூட்டரசுக்கும் நகராட்சிகளுக்கும் நடுவில் நிற்கும் மாநிலச் சட்டமன்றத்தை நோக்கித்தான் அறுபது ஆண்டுகளாக வீட்டுவசதிக்காக வாதாடும் அமைப்புகள் படையெடுத்துவருகின்றன.

அவர்கள் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: ஊர் வேண்டாம் என்று சொல்லும் வீட்டை மாநிலம் சட்டம் போட்டு வரவழைக்க முடியுமா? மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, கலிபோர்னியா, ஆரிகன் ஆகிய மாநிலங்கள் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்து பார்த்திருக்கின்றன. அந்த விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் இங்கே வரிசைப்படுத்திப் பார்க்கலாம். அவற்றை அருகருகே வைத்தால் ஒரு போக்கு புலப்படுகிறது. சட்டம் எந்தக் கொள்கையிலிருந்து பிறந்தது என்பதைவிட, அது மீறப்படும்போது தட்டிக்கேட்க யாருக்கு உரிமையும் ஆர்வமும் வசதியும் இருந்தன என்பதே விளைவை அதிகம் தீர்மானித்திருக்கிறது. மசோதா சட்டமாகும் வழியில் சேர்ந்துகொண்ட விலக்குகளுக்கு அடுத்த இடம்.

அதிகாரம் ஊருக்குப் போன வழி

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் நகராட்சிகளுக்கென்று தனி இடம் கிடையாது. அவை மாநிலங்களின் படைப்புகள். அவற்றின் அதிகாரமும் மாநிலம் ஒப்படைத்ததுதான். எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் ஸோனிங் என்ற மண்டல விதிகளும் அப்படி ஒப்படைக்கப்பட்டவையே. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 1916-இல் தனி வீடுகள் மட்டுமே கட்டத்தக்க மண்டலத்தை வகுத்தது. இன்ன இனத்தவர் இன்ன தெருவில்தான் குடியிருக்கலாம் என்று நேரடியாகச் சொன்ன நகராட்சி விதிகளை உச்ச நீதிமன்றம் 1917-இல் ரத்து செய்தது. ஆனால் 1926-இல் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில், கட்டட வகையை வைத்து மண்டலம் பிரிப்பதை அதே நீதிமன்றம் ஏற்றது. தனி வீடுகள் நிறைந்த பகுதியில் எழும் அடுக்குமாடியை ஒட்டுண்ணியோடு ஒப்பிட்டது அந்தத் தீர்ப்பு. இனத்தைச் சொல்லித் தடுப்பது சட்டவிரோதமான பிறகு, மனையின் குறைந்தபட்சப் பரப்பைச் சொல்லியும் அடுக்குமாடியை விலக்கியும் வருமானத்தின் வழியே தடுப்பது சட்டபூர்வமாகவே தொடர்ந்தது. வருமானமும் இனமும் பின்னிக் கிடந்த சமூகத்தில் இரண்டின் விளைவும் பெருமளவு ஒன்றாகவே இருந்தது.

இதில் வாக்காளர்களுக்கும் பங்குண்டு. கலிபோர்னிய மக்கள் 1950-இல் மாநில அரசமைப்பில் 34-வது பிரிவைச் சேர்த்தார்கள். குறைந்த வாடகைக்கான அரசுக் குடியிருப்பு எதுவானாலும் அந்தந்த ஊர் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்றாக வேண்டும் என்றது அது. 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நீக்கும் முயற்சிகள் பலமுறை வாக்கெடுப்பில் தோற்றன. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டமன்றம் 1963-இல் கொண்டுவந்த ரம்ஃபோர்டு சட்டத்தை மறு ஆண்டே வாக்காளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் செயலிழக்கச் செய்தனர். 1967-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பு முடிவைத் தள்ளுபடி செய்தது. சட்டமன்றத்தில் வென்ற வீட்டுவசதிச் சட்டம் வாக்குச்சாவடியில் தோற்கக்கூடும் என்பதை அன்றே எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

மாநிலங்கள் இந்தக் களத்தின் நடுவே வந்ததற்குக் கூட்டரசின் பின்வாங்கலும் ஒரு காரணம். 1973-இல் நிக்சன் அரசு புதிய மானியக் குடியிருப்புகளை நிறுத்திவைத்தது. 1986-இல் பிறந்த வரிச்சலுகைத் திட்டம், மலிவு வாடகை வீடுகளுக்கான முதலீட்டைப் பங்கிடும் பொறுப்பை மாநில முகமைகளிடம் கொடுத்தது. 1998-இல் வந்த ஒரு திருத்தம் அரசுக் குடியிருப்புகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. வாஷிங்டனில் கதவு ஒவ்வொன்றாக அடைபட, வாதாடுவோரின் பார்வை மாநிலத் தலைநகரங்கள் பக்கம் திரும்பியது.

முதல் விடை: எல்லா ஊரும் பங்கு ஏற்க வேண்டும்

மாசசூசெட்ஸ் 1969-இல் இயற்றிய 40பி சட்டம் இந்த வகையில் முன்னோடி. மேட்டுக்குடி ஊர்களின் விலக்கும் போக்குக்கு எதிரானது என்பதால் அதற்கு ஒரு கேலிப்பெயரும் உண்டானது. அதன் வழிமுறை எளிமையானது. ஓர் ஊரின் வீடுகளில் 10 விழுக்காடாவது மானிய விலை வீடாக இல்லையென்றால், தன் திட்டத்தில் 20 முதல் 25 விழுக்காட்டைக் குறைந்த விலைக்கு ஒதுக்கும் கட்டுமான நிறுவனம் மண்டல விதிகளைக் கடந்து ஒரே அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஊர் மறுத்தால் மாநில மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஊருக்குத் திட்டம் தீட்டச் சொல்லவில்லை, அறிவுரையும் கூறவில்லை. மறுப்பை எதிர்த்து வழக்காடும் வாய்ப்பை, வழக்காடுவதால் லாபம் காணும் ஒருவரிடம் கொடுத்தது. 1973-இல் மாநில உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 2010-இல் சட்டத்தை ரத்து செய்யக் கோரிய வாக்கெடுப்பு தோற்றது. பெருநகரங்களுக்கு வெளியே கட்டப்பட்ட குறைந்த விலை வீடுகளில் பெரும்பகுதி இந்த வழியில்தான் வந்தது என்பது ஆதரவாளர்களின் கணக்கு. இதன் குறைகளும் வெளிப்படையானவை. வீடு எங்கே வர வேண்டும் என்பதை நிறுவனத்தின் லாபக் கணக்கு முடிவு செய்கிறது. வாடகைக் குடியிருப்பில் சந்தை விலைக்கு விடும் வீடுகளும் ஊரின் 10 விழுக்காட்டுக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், தாளில் தெரியும் எண் உண்மையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

நியூ ஜெர்சியில் தொடக்கம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. மவுண்ட் லாரல் என்ற ஊர், நீண்டகாலமாக அங்கே வாழ்ந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கான சிறிய குடியிருப்புத் திட்டத்தை மறுத்தது. எத்தல் லாரன்ஸ் உள்ளிட்டோர் 1971-இல் தொடுத்த வழக்கில், வட்டாரத் தேவையில் நியாயமான பங்கை ஒவ்வோர் ஊரும் ஏற்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் எட்டு ஆண்டுகள் ஏறக்குறைய எதுவும் நடக்கவில்லை. கொள்கை இருந்தது; அமலாக்க ஆள் இல்லை. 1983-இல் தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் எழுதிய இரண்டாம் தீர்ப்பு, கடமை தவறிய ஊரின்மீது வழக்குத் தொடுத்து வெல்லும் கட்டுமான நிறுவனம் அங்கே கட்டலாம் என்ற பரிகாரத்தைக் கொடுத்ததும் நிலைமை தலைகீழானது. ஊர்களின் கூக்குரலுக்குச் செவிசாய்த்த சட்டமன்றம் 1985-இல் நியாய வீட்டுவசதிச் சட்டத்தை இயற்றி, பொறுப்பை ஒரு நிர்வாகக் குழுவிடம் மாற்றியது. அந்தச் சட்டமே ஒரு பெரிய விலக்கையும் சுமந்து வந்தது: தன் கடமையில் பாதி வரை, பணம் கொடுத்து வேறோர் ஊரின் தலையில் ஓர் ஊர் வைக்கலாம். பணக்காரப் புறநகர்கள் ஏழை நகரங்களுக்குப் பணம் அனுப்பிக் கடமையிலிருந்து கழன்றுகொண்டன. 2008-இல்தான் இந்த வாய்ப்பு நீக்கப்பட்டது. குழுவோ 1999-க்குப் பின் செல்லத்தக்க விதிகளை வகுக்க முடியாமல் திணறியது. 2015-இல் நீதிமன்றம் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2024 மார்ச்சில் நிறைவேறிய புதிய சட்டம் குழுவையே கலைத்தது. ஒரே மாநிலத்தில், ஒரே கொள்கையின்கீழ், வழக்காட ஆள் இருந்த ஆண்டுகளில் வீடுகள் எழுந்தன. நிர்வாகக் குழுவின் கையில் முடங்கிய ஆண்டுகளில் வேகம் தளர்ந்தது. மேலே சொன்ன போக்குக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இரண்டாம் விடை: ஊரே திட்டம் தீட்டட்டும்

கலிபோர்னியா நீண்டகாலம் மென்மையான வழியைத் தேர்ந்தது. 1960-களின் இறுதியிலிருந்து ஒவ்வொரு நகரமும் தன் பொதுத் திட்டத்தில் வீட்டுவசதிக்கென ஓர் அத்தியாயம் எழுத வேண்டும். 1980 முதல் வட்டாரத் தேவை வருமான வகைவாரியாகப் பங்கிடப்பட்டு ஊர்களுக்கு இலக்கு தரப்பட்டது. இலக்குக்கு ஏற்ற நிலம் இருப்பதாகக் காட்ட வேண்டுமே தவிர, அங்கே வீடு எழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாரும் விற்க விரும்பாத மனைகளும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கடைகளும் எதிர்கால வீட்டு மனைகளாகப் பட்டியலில் இடம்பெற்றன. 2018 தொடக்கத்தில் மாநிலத் துறை கணக்கெடுத்தபோது 539 நகர, கவுன்டி நிர்வாகங்களில் 526 ஏதாவதொரு வருமான வகையில் போதிய முன்னேற்றம் காட்டவில்லை. ஏறக்குறைய எல்லா ஊர்களும் தவறியபோதும் தண்டனை என்று சொல்லத்தக்க எதுவும் அவற்றைத் தீண்டவில்லை. 1978-இல் சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் அடக்கிய, 13-ஆம் எண் முன்மொழிவு மீதான வாக்கெடுப்பும் ஊர்களை எதிர்ப்பக்கம் தள்ளியது: குடியிருப்பைவிட விற்பனை வரி தரும் வணிக வளாகமே நகராட்சிக்கு லாபமானது.

2017-இல் நிலைமை மாறத் தொடங்கியது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட 15 மசோதாக்களின் தொகுப்பில் இருந்த எஸ்பி 35 என்ற மாநில செனட் மசோதா, இலக்கில் பின்தங்கிய ஊர்களில் விதிகளுக்கு உட்பட்ட திட்டங்களுக்கு விசாரணைக் கூட்டமின்றி அனுமதி தர வேண்டும் என்றது. விதிகளுக்கு உட்பட்ட குடியிருப்பை ஊர்கள் மறுப்பதைத் தடுக்கும் 1982-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே காலத்தில் வலுவாக்கப்பட்டது; வீட்டுவசதி அமைப்புகளே ஊரின்மீது வழக்குத் தொடுக்கலாம் என்றானது. சான் மாட்டியோ நகரம் 10 வீடுகள் கொண்ட நான்கு மாடிக் கட்டடத்தை மறுத்தபோது அத்தகைய ஓர் அமைப்பு வழக்காடி, 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. ஏற்கத்தக்க திட்டம் இல்லாத ஊரில் மண்டல விதியை மீறியும் கட்டலாம் என்ற பரிகாரம் 1990-இலிருந்தே ஏட்டில் இருந்தது. ஊர்களின் திட்டங்களை மாநிலம் கறாராகச் சோதிக்கத் தொடங்கிய பிறகுதான் அது உயிர்பெற்றது. 2022-இல் சாண்டா மோனிகாவில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இந்த வழியில் விண்ணப்பங்கள் குவிந்தன. சட்ட வாசகம் பெரிதாக மாறாமலே அதன் பலம் மாறியதற்கு இது எடுத்துக்காட்டு.

மூன்றாம் விடை: கட்டும் உரிமையை விரிவாக்குவது

இலக்கு வைத்து ஊர்களைத் துரத்துவதற்குப் பதில், தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற விதியையே மாநிலம் நீக்கிவிடலாம் என்பது அண்மைக்கால நிலைப்பாடு. பற்றாக்குறைதான் விலையேற்றத்தின் வேர் என்று நம்பும் இளம் நகரவாசிகளின் இயக்கம் இதைச் சட்டமன்றங்களுக்குக் கொண்டுவந்தது. ஆரிகன் 2019-இல் நிறைவேற்றிய சட்டம், 25,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களிலும் போர்ட்லாந்து வட்டாரத்திலும் நான்கு குடும்ப வீடு வரை அனுமதித்தது. கெடுவுக்குள் தன் விதியை மாற்றாத நகரத்தில் மாநிலத்தின் மாதிரி விதியே நேரடியாக அமலுக்கு வரும் என்றது. வழக்குக்கே இடமில்லாமல், தாமதத்தால் கிடைக்கும் ஆதாயத்தைப் பறித்துவிட்ட ஏற்பாடு இது.

கலிபோர்னியாவின் இரண்டு சட்டங்களை ஒப்பிட்டால், உரிமை என்ற சொல் மட்டும் போதாது என்பது விளங்கும். ஒன்று, வீட்டோடு சேர்த்து வளவுக்குள் எழுப்பும் சிறு துணைவீடு பற்றியது. 1982-இலேயே அதற்குச் சட்டம் உண்டு. ஆனால் நிபந்தனை விதிக்கும் சுதந்திரம் ஊர்களிடம் இருந்ததால், கார் நிறுத்துமிடம், மனைப் பரப்பு, கட்டணம் என்று முட்டுக்கட்டைகள் பெருகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெயரளவில் கிடந்தது. 2016 முதல் சட்டமன்றம் அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் களைந்தது. ஆண்டுக்கு ஆயிரம் என்ற அளவில் இருந்த அனுமதிகள் சில ஆண்டுகளில் 20,000-ஐத் தாண்டின. மற்றொன்று, 2021-இன் எஸ்பி 9. தனி வீட்டு மனையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வீடு கட்டலாம் என்று பெருத்த எதிர்பார்ப்போடு வந்தது. மனையைப் பிரிப்பவர் மூன்று ஆண்டுகள் அங்கேயே குடியிருக்க எண்ணியிருப்பதாக உறுதியளிக்க வேண்டும் என்ற நிபந்தனையும், பாரம்பரியப் பகுதிகளுக்கான விலக்கும், ஊர்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்த வடிவமைப்பு விதிகளும் அதைச் சுற்றிவளைத்தன. 2022-இல் வுட்சைடு என்ற வசதியான ஊர், தன் எல்லை முழுதும் மலைச் சிங்கங்களின் வாழிடம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்து, மாநிலத் தலைமை வழக்கறிஞரின் எச்சரிக்கைக்குப் பின் பின்வாங்கியது. எஸ்பி 9-இன்கீழ் வந்த விண்ணப்பங்கள் மிகச் சொற்பமாகவே இருந்தன. இரண்டு சட்டங்களின் தத்துவமும் ஒன்றே. ஒன்றில் விலக்குகள் களையப்பட்டன, மற்றொன்றில் பிறப்பிலேயே சேர்ந்துவிட்டன.

நான்காம் விடை: இருப்பவரைக் காப்பது

புதிய வீடு எழுந்து, விலை இறங்கிப் பலன் தர ஆண்டுகள் ஆகும். அடுத்த மாதம் வெளியேற்றப்படும் குடும்பத்துக்கு அது பதிலாகாது. இந்த நியாயத்தின்மேல் நிற்பவர்கள் குடித்தனக்காரர் அமைப்பினர். ஆரிகன் 2019-இல் மாநிலம் முழுமைக்குமான முதல் வாடகை உயர்வு வரம்பை வகுத்தது. அதே ஆண்டில் கலிபோர்னியாவும் விலைவாசி உயர்வோடு 5 விழுக்காடு, எப்படியும் 10-ஐத் தாண்டாமல், என்ற வரம்பை விதித்தது. 15 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடங்களுக்கு அதில் விலக்கு உண்டு. எதிர்ப்பக்க வாதத்துக்கும் சான்று இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 1994-இல் விரிவாக்கப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர்கள், பாதுகாப்புப் பெற்ற குடித்தனக்காரர்கள் அதே முகவரியில் நீடிக்கும் வாய்ப்பு கூடியதையும், உரிமையாளர்கள் வாடகைச் சந்தையிலிருந்து வீடுகளை விலக்கிக்கொண்டதால் அந்த வீடுகளின் வாடகை வழங்கல் 15 விழுக்காடு குறைந்ததையும் ஒருங்கே கண்டார்கள். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரம் 2021-இல் புதிய கட்டடங்களையும் சேர்த்து 3 விழுக்காட்டு வரம்பு வைத்தபோது கட்டுமான அனுமதிகள் சரிந்தன. மறு ஆண்டே புதியவற்றுக்கு 20 ஆண்டு விலக்குத் தர நேர்ந்தது. எனவே பாதுகாப்பு வேண்டுமா, வேண்டாமா என்பதைவிட, வரம்பு எங்கே, விலக்கு எதற்கு என்பதே விவாதத்துக்குரிய இடம்.

அமலாக்கம் என்ற உரைகல்லில் வைத்தால் இந்த விடையின் பலவீனம் வேறிடத்தில் தெரிகிறது. கலிபோர்னியச் சட்டம் அமலாக்கத்துக்கென ஒரு முகமையை நியமிக்கவில்லை. வரம்பை மீறிய உரிமையாளரை எதிர்த்துக் பெரும்பாலும் குடித்தனக்காரரே நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது. அவருக்கு உரிமையும் ஆர்வமும் உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும், வீடு போய்விடுமோ என்ற அச்சத்தை மீறும் துணிவும்தான் இல்லை. கட்டுமான நிறுவனத்தின் கையில் கொடுத்த பரிகாரம் பலித்ததற்கும் குடித்தனக்காரரின் கையில் கொடுத்தது தடுமாறுவதற்கும் இதுவே வேறுபாடு.

பணம் எங்கிருந்து வரும்?

அனுமதியை எளிதாக்கும் எந்தச் சட்டமும் மிகக் குறைந்த வருமானக் குடும்பத்தை நேரடியாக எட்டுவதில்லை. அவர்கள் தரக்கூடிய வாடகை, கட்டடத்தைப் பராமரிக்கும் செலவுக்கே போதாமல் போகலாம். இடைவெளியைப் பொதுப்பணம்தான் நிரப்ப வேண்டும். அடிமட்ட வருமானக் குடித்தனக்காரர்களுக்கான பற்றாக்குறை நாடு முழுதும் 71 லட்சம் வீடுகள் என்று தேசியக் குறைந்த வருமான வீட்டுவசதிக் கூட்டமைப்பு 2025-இல் கணக்கிட்டது. மாநிலங்களின் நிதியோ நிலையற்றது. கலிபோர்னியாவின் மறுவளர்ச்சி முகமைகள் தங்கள் வரி வருவாயில் 20 விழுக்காட்டைக் குறைந்த வருமான வீடுகளுக்கு ஒதுக்கிவந்தன. பட்ஜெட் நெருக்கடியில் 2012-இல் அவை கலைக்கப்பட்டபோது அந்த ஊற்றும் வற்றியது. 2018-இல் வாக்காளர்கள் 400 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். அது ஒருமுறைப் பணம். இதற்கிடையே மானியக் குடியிருப்பு ஒன்றைக் கட்டும் செலவு சில திட்டங்களில் வீட்டுக்கு 10 லட்சம் டாலரையும் தாண்டியது. பல முகமைகளிடம் தனித்தனியே நிதி கோருவதும், ஒவ்வொன்றும் தன் நிபந்தனையைச் சேர்ப்பதும் செலவை ஏற்றுகின்றன. ஆகவே அனுமதிச் சீர்திருத்தமும் நிதியும் போட்டியாளர்கள் என்ற எண்ணம் தவறு. ஒதுக்கிய பணம் எத்தனை வீடாகும் என்பதை அனுமதி விதிகளே ஓரளவு முடிவு செய்கின்றன.

கூட்டணிகளின் விலை

சட்டத்தில் விலக்குகள் எப்படி நுழைகின்றன என்பதற்குக் கலிபோர்னியாவில் போக்குவரத்து நிலையங்களருகே அடுக்குமாடிகளை அனுமதிக்கும் மசோதாவின் பயணம் நல்ல பாடம். மாநில செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த எஸ்பி 827, 2018 ஏப்ரலில் முதல் குழுவிலேயே வீழ்ந்தது. அதை வீழ்த்தியவர்கள் புறநகர் வீட்டு உரிமையாளர்கள் மட்டும் அல்லர். நிலமதிப்பு ஏறினால் ஏழைக் குடித்தனக்காரர்கள் துரத்தப்படுவார்கள் என்று அஞ்சிய அமைப்புகளும் தொழிற்சங்கத்தினரும் எதிர்ப்பணியில் நின்றார்கள். அடுத்து வந்த எஸ்பி 50, 2020 ஜனவரியில் செனட்டில் தேவையான 21 வாக்குகளைப் பெறவில்லை. 2025 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட எஸ்பி 79-இல், குடித்தனக்காரர் வாழும் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டடங்களை இடிக்கத் தடை, குறைந்த விலை வீடுகளுக்கான ஒதுக்கீடு, தொழிலாளர் ஊதிய விதிகள் ஆகியவை இடம்பெற்றன. ரயில் நிலையங்கள் மிகுந்த கவுன்டிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். இவை மசோதாவைக் கெடுத்தன என்று ஒரு சாராரும், நியாயமாக்கின என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். இவை இல்லாமல் வாக்குகள் சேர்ந்திருக்காது என்பதில் அதிக ஐயம் இல்லை. விலக்குகளில் இரண்டு வகை உண்டு என்று கொள்வது பொருத்தம். பாதிக்கப்படக்கூடியவரைப் பெயர் சொல்லிக் காக்கும் விலக்கு, சட்டத்தின் பலனைக் குறைத்தாலும் அதன் ஆயுளை நீட்டுகிறது. மறுக்கும் சுதந்திரத்தை ஊரிடமே திருப்பித் தரும் விலக்கு, சட்டத்தை ஏட்டளவில் நிறுத்திவிடுகிறது.

மறுப்புகளும் அவற்றின் எடையும்

மாநிலம் தலையிடுவது உள்ளூர் ஜனநாயகத்தைப் பறிப்பதாகும் என்பதே மிகப் பழைய மறுப்பு. பாஸ்டன் சுற்றுவட்டாரத்தின் 97 ஊர்களில் திட்ட அனுமதிக் கூட்டங்களின் குறிப்புகளைப் பாஸ்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆராய்ந்தபோது, அங்கே பேசுவோர் சராசரி வாக்காளரைவிட வயதில் மூத்தவர்கள், வீட்டு உரிமையாளர்கள், பெரும்பாலும் எதிர்ப்பவர்கள் என்று கண்டார்கள். அந்த ஊரில் வீடு கிடைக்காமல் போனவருக்கு அங்கே வாக்கும் இல்லை, கூட்டத்தில் இருக்கையும் இல்லை. ஆகவே கூட்டத்தில் ஒலிப்பதை ஊரின் குரலாகக் கொள்வது கடினம். ஆனாலும் இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. மாசசூசெட்ஸில் ரயில், பேருந்து வசதியுள்ள 177 ஊர்கள் அடுக்குமாடி மண்டலம் வகுக்க வேண்டும் என்ற 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தை மில்டன் ஊர் மக்கள் 2024 பிப்ரவரியில் முறையான வாக்கெடுப்பிலேயே எதிர்த்தார்கள். சட்டம் செல்லும் என்ற மாநில உச்ச நீதிமன்றம், அரசு வழிகாட்டு விதிகளை உரிய நடைமுறையின்றி வெளியிட்டதால் அவை செல்லாது என்றும் 2025 ஜனவரியில் சொன்னது. மேலும், ஊரை மீறும் அதிகாரம் எந்தப் பக்கமும் திரும்பும்: முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் நகரங்கள் வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவருவதைத் தடுக்கின்றன.

குறைந்த வருமானக் குடியிருப்பு வந்தால் சுற்றுப்புறம் சீரழியும் என்ற மறுப்புக்கு மவுண்ட் லாரலே பதிலாகியது. அங்கே 2000-இல் திறக்கப்பட்ட எத்தல் லாரன்ஸ் இல்லங்களைச் சமூகவியலாளர் டக்ளஸ் மேஸியின் குழு ஆராய்ந்து, அக்கம்பக்கத்து வீட்டு விலையிலோ குற்றத்திலோ வரியிலோ பாதிப்பில்லை என்று 2013-இல் வெளியிட்டது. நன்றாக நிர்வகிக்கப்பட்ட ஒரு திட்டத்தின் முடிவு என்ற எல்லைக்குள் வைத்தே இதைப் படிக்க வேண்டும். மூன்றாவது மறுப்பு இடதுபக்கத்திலிருந்து வருவது: புதிய கட்டடம் வசதியானவர்களுக்கே, அது வாடகையை ஏற்றும். குறைந்த வருமானப் பகுதிகளில் எழுந்த பெரிய கட்டடங்களைச் சுற்றி வாடகை சற்றே குறைந்தது என்கின்றன அண்மை ஆய்வுகள். சிகாகோவைப் பற்றிய யோனா ஃப்ரீமார்க்கின் 2019 ஆய்வோ, அடர்த்தி வரம்பைத் தளர்த்தியதும் நிலமதிப்பு ஏறியது, ஐந்து ஆண்டுகளில் கட்டுமானம் கூடவில்லை என்றது. சில தெருக்களில் மட்டும் செய்த தளர்வு நில உரிமையாளருக்குப் போகிறது, நகரளாவிய தளர்வு குடித்தனக்காரரை எட்டுகிறது என்று இரண்டையும் இணைத்து விளக்கலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-இல் பரவலாகத் தளர்த்திய பின் கட்டுமானம் பெருகியது இந்த விளக்கத்துக்கு ஆதரவு தருகிறது; ஆனாலும் ஒரே நகரத்தைக் கொண்டு விதி வகுக்க முடியாது.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

மாநிலச் சட்டமன்றத்தால் ஊரின் மறுப்பைக் கடக்க முடியும் என்பதை இதுவரையான சான்றுகள் ஓரளவு நிலைநாட்டுகின்றன. கடக்கும் சட்டத்துக்குச் சில பொதுக் குணங்கள் தெரிகின்றன: முடிவெடுக்கும் இடத்தில் ஊரின் விருப்புரிமையைச் சுருக்குவது, தாமதத்துக்கு விலை வைப்பது, அமலாக்கத்தை அதற்கான வசதியுள்ளவரிடம் ஒப்படைப்பது. இந்த மூன்றும் இல்லாத சட்டங்கள் முன்னுரையில் எவ்வளவு உயர்ந்த நோக்கத்தைச் சொன்னாலும் குறைவாகவே சாதித்திருக்கின்றன.

இந்த முடிவுக்கும் எல்லை உண்டு. கட்டுமான நிறுவனத்தின் லாபத்தை நம்பும் அமலாக்கம், லாபம் இருக்கும் ஊரிலும் வட்டி குறைந்த காலத்திலும்தான் வேலை செய்யும். சந்தை சோரும்போது மாநிலம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விடை இல்லை. குடித்தனக்காரரின் உரிமைகளை யார் அமலாக்குவது என்பதும் தீராமல் இருக்கிறது; வழக்குதவி நிதியா, தனி முகமையா என்பதை ஒப்பிடத் தேவையான அனுபவம் இன்னும் சேரவில்லை. கலிபோர்னியா எட்டு ஆண்டுகளில் 25 லட்சம் வீடுகளுக்குத் திட்டமிட வேண்டும், அவற்றில் 10 லட்சமாவது குறைந்த வருமானத்தினருக்கு என்று இலக்கு வைத்திருக்கிறது. அந்த 10 லட்சத்துக்குப் போதுமான நிலையான நிதி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. நியூ ஜெர்சியின் 2024 சட்டமும் கலிபோர்னியாவின் 2025 சட்டமும் தம் பலனைக் காட்டச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை, அனுமதிச் சீர்திருத்தம் நடுத்தர வருமானத்தினரின் நெருக்கடியைத் தளர்த்தக்கூடும் என்பதைச் சற்று நம்பிக்கையோடும், பொதுப்பணம் சேராமல் அடிமட்டத்தை அது எட்டும் என்பதை ஐயத்தோடும் சொல்வதே சான்றுகளுக்கு நியாயமாக இருக்கும்.